ஆட்டுக்குத் தெரிந்தது அய்யாவுக்குத் தெரியவில்லை

கச்சிராயபாளையத்தில் குடியிருந்துகொண்டு சுத்தமான காற்றைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். வேறு யாராவது இருந்தால் தெரியப்படுத்தவும், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.

எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை. மலையடியில் கோமுகி அணை. ஆடி பிறந்துவிட்டால் மலைக்காற்று கூப்பிடாமலே இறங்கி வந்து, கொடியில் காயும் என் வேட்டியை எடுத்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டுப் போகும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி போய், 'வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணும் செடி' என்று ஆறு தொட்டி வாங்கி, ஆட்டோ வைத்துக் கொண்டுவந்து இறக்கினேன்.

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அந்தக் கைக்கு வேலை இல்லை. சமையலறைக்குள் போய், சாம்பாருக்கு எத்தனை கிராம் பருப்பு ஆகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். எட்டாம் நாள் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, வெளியில ஏதாச்சும் வேலை பாத்துக்கக் கூடாதா?" என்றாள். வெளியில் என்றால் அவள் சொன்னது தெரு. நான் புரிந்துகொண்டது நர்சரி.

நர்சரிக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு செடியையும் காட்டி, "நாசாவே சொல்லியிருக்கு சார்" என்றான். நிலாவுக்கு ஆள் அனுப்பியவர்கள் சொன்னால் மறுத்துப் பேச நான் யார்? நாசா சொன்னது நிஜம்தான் என்று பிறகு என் மகள் சொன்னாள். 1989-இல் விண்வெளி நிலையத்துக்காக ஒரு சோதனை நடத்தினார்களாம். காற்றுப் புகாமல் அடைத்த பெட்டிக்குள் செடியை வைத்து, ரசாயன ஆவியை விட்டு, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்களாம். முப்பது வருஷம் கழித்து, 2019-இல், வேறு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கணக்கையெல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் நடக்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வைக்க வேண்டும் என்று வந்தது. ஆயிரம் வைத்தால் எங்கள் கூடத்தில் காற்று சுத்தமாகத்தான் இருக்கும். சுவாசிக்க நாங்கள் திண்ணையில் இருப்போம்.

நான் வாங்கி வந்த உருப்படிகளைச் சொல்கிறேன். கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்கும் ஸ்நேக் பிளான்ட். வெள்ளைப் பூ விடும் பீஸ் லில்லி. இலையில் சுண்ணாம்பைத் தெளித்தது போலப் புள்ளி விழுந்த டீஃபன்பேக்கியா. குட்டிப் பனைமரம் மாதிரி ஒரு சேகோ பாம். அரேகா பாம் ஒன்று. சோற்றுக் கற்றாழை ஒன்று. கற்றாழை ஊர் முழுக்க வேலியில் கிடக்கும் சரக்கு. ஆனாலும் பீங்கான் தொட்டியில் அது உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து விலை கேட்காமலே வாங்கிவிட்டேன்.

ஏழாவது மணி பிளான்ட். அதைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் பணம் வரும் என்பது நம் பக்கத்து ஐதீகம். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு ரூபாய் கணக்கு உதைத்ததில்லை என்று பேர் எடுத்தவன் நான். அறுபது வயதுக்கு மேல், மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், பின்கட்டில் நின்றுகொண்டு கொடியை ஒடித்து மடியில் கட்டிக்கொண்டேன். மச்சான் மனைவி பார்த்துவிட்டார். "வேணும்னா வேரோட தர்றேன் அண்ணே" என்றார். "வேண்டாம்மா, திருடுனாத்தான் பலிக்கும்" என்றேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் போனால் பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள்.

தொட்டிகளை இறக்கிய அன்று எண்பத்து நான்கு வயதான என் அம்மா திண்ணையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது பேரு என்னாடா?" "ஸ்நேக் பிளான்ட்மா." "இது?" "டீஃபன்பேக்கியா." "தமிழ்ல என்னா?" "தமிழ்ல கிடையாதும்மா." அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரு தெரியாதவன வூட்டுக்குள்ள வுடக்கூடாதுன்னு எங்கப்பன் சொல்லும்" என்றார். கிழவி செடியைப் பற்றிச் சொல்லவில்லை என்று அப்போது நினைத்தேன்.

இனி பூனைக்கு வருவோம். அதை நாங்கள் வளர்க்கவில்லை. ஒரு தை மாதம், எலி பிடிக்க வந்தது போல வந்து, நெல் மூட்டை மேல் ஏறிப் படுத்தது. எலி அடியில் இருந்தது, பூனை மேலே இருந்தது, இருவரும் சமாதானமாக வாழ்ந்தார்கள். அம்மா அதற்குச் சின்னக்குட்டி என்று பேர் வைத்தார். எனக்கும் சின்னக்குட்டிக்கும் நல்ல பொருத்தம். இரண்டு பேருக்கும் பகலில் வேலை இல்லை, இரண்டு பேரும் சமையலறையிலிருந்து ஒரே குரலில் விரட்டப்படுபவர்கள்.

செடிகள் வந்த நாலாம் நாள் காலையில் கூடத்தில் நுரை நுரையாக எச்சில். மூலையில் சின்னக்குட்டி வாயைத் திறக்கவும் மாட்டாமல் மூடவும் மாட்டாமல், முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாந்தி. வாந்தியில் பச்சையாக ஒரு துண்டு இலை. மணி பிளான்ட்.

நான் கைவைத்தியத்தில் தேர்ந்தவன். உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. மேஜை இழுப்பறையில் இருந்த காய்ச்சல் மாத்திரையைப் பாதியாக உடைத்து, பாலில் கரைத்துக்கொண்டே மகளுக்குப் போன் போட்டேன். அவள் பெங்களூரில் இருக்கிறாள், இரண்டு பூனை வைத்திருக்கிறாள். "மாத்திரை கரைச்சிட்டிருக்கேன் பாப்பா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் போட்ட சத்தத்தில் சின்னக்குட்டியே ஒரு நிமிஷம் வாந்தி எடுப்பதை நிறுத்தியது.

"அப்பா! பாராசிட்டமால் பூனைக்கு விஷம்! கீழ ஊத்துங்க!"

நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் மாத்திரையை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் ஒரு வழி இருக்கிறது. பூனையின் கல்லீரலில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுக் கிடக்கிறது. மருந்து உள்ளேயே நின்று ரத்தத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். பூனை காலங்காலமாகக் கறியும் மீனும் தின்று வளர்ந்த ஜாதி. தழை தின்கிற பிராணிக்குத் தேவைப்படும் நச்சுமுறிவு வேலையெல்லாம் அதற்குப் பழக்கமில்லை. ஆக, மணி பிளான்டைத் தின்று தப்பிக்க இருந்த பூனையை, வைத்தியம் பண்ணிக் கொல்ல இருந்தவன் நான்.

"வீட்ல இருக்கிற எல்லாச் செடியையும் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன். அமெரிக்காவில் 1866-இலிருந்து இயங்கும் ஏஎஸ்பிசிஏ என்ற பிராணிவதைத் தடுப்புச் சங்கம், பூனைக்கு ஆகும் செடி, ஆகாத செடி என்று நீளமான பட்டியல் வைத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு படத்திலும் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பினாள். ஏழுக்கு ஆறு. நான் பள்ளிக்கூடத்தில் கூட இவ்வளவு பெருக்கல் குறி ஒரே நாளில் வாங்கியதில்லை. தேறியது அரேகா பாம் மட்டும். அந்தத் தொட்டியைச் சின்னக்குட்டி முதல் நாளிலிருந்தே கழிப்பறையாக உபயோகித்து வந்தது. நல்லவனாக இருந்தால் இந்த வீட்டில் அதுதான் கதி.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நாசா சோதித்த செடிகளையும் பூனைக்கு ஆகாத செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், முதல் பட்டியலில் பாதிக்கு மேல் இரண்டாவதிலும் இருக்கிறது. விண்வெளி நிலையத்துக்குப் பூனை போகாது என்று அவர்கள் விட்டிருப்பார்கள்.

சின்னக்குட்டியைக் கட்டைப்பையில் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போனேன். எங்கள் ஊரில் கால்நடை என்றால் மாடு, ஆடு, கொஞ்சம் கோழி. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு கறவை மாடு, ஒரு கிடா. பையைப் பார்த்து ஒருவர், "சேவலா?" என்றார். "பூனை" என்றேன். வரிசையில் ஒரு அமைதி. "பூனைக்கு ஒடம்பு சரியில்லைன்னா அதுவே புல்லத் தின்னு சரி பண்ணிக்குமேப்பா" என்றார் கிடாக்காரர். "அது மாதிரிதான் தின்னுச்சு. புல்லுக்குப் பதிலா மணி பிளான்டு" என்றேன். என் மேல் பரிதாபப்பட்டு முன்னால் விட்டுவிட்டார்கள்.

மருத்துவர் முதலில் கேட்டது, "மரவள்ளித் தழை ஏதும் தின்னுச்சா?" என்பதுதான். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியில் தொடங்கித்தான் வைத்தியமே. மரவள்ளிக்காட்டில் கட்டு அவிழ்ந்த ஆடு பச்சைத் தழையை வயிறுமுட்டத் தின்றால் சயனைடு ஏறி, மூச்சுத் திணறி, அரை மணியில் சாயும். வெயிலில் உலர்த்திக் கொடுத்தால் விஷம் குறையும். இளஞ்சோளத் தட்டிலும் அதே விஷயம்தான். கதிர் வருமுன் மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது என்று மாடு மேய்க்கிற பையனுக்குக் கூடத் தெரியும். "இல்லீங்க, இது" என்று இலையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"சேம்பு ஜாதி. வாய் அரிக்குது அதுக்கு. பயப்படாதீங்க."

வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். வாந்திக்கு ஒரு ஊசி. குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், எச்சில் ஒழுகுவது இன்றைக்குள் நின்றுவிடும் என்றார். பிறகு, "இலையக் கையோட கொண்டாந்தீங்க பாருங்க, அதான் பாதி வைத்தியம்" என்று பாராட்டினார். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று அது. "லில்லி ஏதும் இருக்கா?" என்றும் கேட்டார். பீஸ் லில்லி என்றேன். பேரில்தான் லில்லி, அதுவும் சேம்பு ஜாதிதான் என்றார். கல்யாண வரவேற்புப் பூங்கொத்தில் வைக்கிறார்களே பெரிய லிலியம் பூ, அதுதான் அசல் ஆபத்து. இலை, பூ எல்லாம் வேண்டாம், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும், இரண்டு மூன்று நாளில் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். சில மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றினால்தான் பிழைக்க வழி. அந்த இடத்தில் கிடாக்காரரும் குனிந்து பைக்குள் பார்த்து, "பொழைச்ச போ" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சேம்பு ஜாதி என்று சொன்னதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அட, கருணைக்கிழங்கு பங்காளியா?" என்றார். சேம்பிலும் கருணையிலும் நாக்கை அரிப்பது கால்சியம் ஆக்சலேட். கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகம். கடித்தவுடன் வாயிலும் தொண்டையிலும் ஆயிரக்கணக்கில் குத்தும். அதற்காகத்தான் நம் வீடுகளில் கருணையை நன்றாக வேகவைத்துப் புளியை ஒரு கை தாராளமாகக் கரைத்து ஊற்றுகிறார்கள். கல்யாணமான புதிதில் அப்பாவோடு சண்டை வந்தால் புளியைக் குறைத்துவிடுவாராம் அம்மா. "பேசாம தின்னுட்டுப் போயிடும் மனுசன்" என்றார். அப்பா ரொம்ப சாது என்று ஊரே சொல்லும். காரணம் இப்போதுதான் தெரிந்தது.

மற்ற செடிகளின் குற்றப்பத்திரிகையையும் அம்மாவுக்கு வாசித்தேன். ஸ்நேக் பிளான்டில் சபோனின். அதென்ன என்று கேட்டார். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைக்கிறதே, அந்தச் சரக்கு என்றேன். "தலைக்குத் தேய்க்கறத தின்னா வாந்திதான் வரும்" என்று தீர்ப்புச் சொன்னார். கற்றாழையில் தோலுக்கு அடியில் வரும் மஞ்சள் பால். நான் தினமும் காலையில் கற்றாழைச் சோறு சாப்பிடுகிறவன். எனக்கு ஆவது பூனைக்கு ஏன் ஆகாது என்று மகளோடு வாதாடியவன். "உங்களுக்கு ஏழு தண்ணி வுட்டு அலசிக் குடுக்கறது யாரு?" என்றாள் மனைவி. சித்த மருத்துவர்கள் கற்றாழையை ஏழு முறை கழுவச் சொன்னது அந்த மஞ்சள் பால் போகத்தான். சின்னக்குட்டிக்கு அலசிக்கொடுக்க மனைவி இல்லை.

கடைசியில் சேகோ பாம். பேரைக் கேட்டதும் ஜவ்வரிசி காய்க்கிற மரம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். ஆத்தூரிலும் சேலத்திலும் சேகோ ஆலைகளுக்கு நடுவில் வாழ்கிறோம். எங்கள் காட்டு மரவள்ளிக்கிழங்கு லோடு லோடாகப் போய்த்தான் ஜவ்வரிசியாகிறது. அதை விற்பதற்கென்றே 1981-இலிருந்து சேலத்தில் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் பிறந்தவன், ஜவ்வரிசி ஒரு தொட்டிச் செடியில் வரும் என்று நம்பினேன். இந்தச் செடிக்கும் நம் ஜவ்வரிசிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதன் இலை, தண்டு, விதை எல்லாமே ஈரலைத் தாக்கும். ஆறில் மிகப் பொல்லாதது இதுதான். அதைத்தான் நான் பூஜையறை வாசலில், பொட்டு வைத்து, நிறுத்தியிருந்தேன்.

செடிகளை அப்புறப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. இங்கே என் வாழ்க்கையின் வெட்கக்கேடான பகுதி ஆரம்பம். டீஃபன்பேக்கியா இடுப்பளவு உயரம். அடியில் இலை உதிர்ந்து, கணுக்கணுவாக, இளங்கரும்பு மாதிரியே தண்டு. நான் கரும்பு ஊரில் பிறந்தவன். எங்கள் ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலைக்குப் போகும் டிராக்டரின் பின்னால் ஓடி, கரும்பை உருவி, பல்லால் உரித்த பரம்பரை. அரிவாளால் தண்டைத் துண்டு துண்டாக வெட்டினேன். இரண்டு கையும் சாக்கின் வாயைப் பிடிக்க வேண்டியிருக்க, கடைசித் துண்டு மிச்சம். ஐம்பது வருஷப் பழக்கம், மூளையைக் கேட்கவில்லை. துண்டை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு சாக்கைக் கட்டினேன்.

பத்து விநாடி ஒன்றும் இல்லை. பிறகு நாக்கில் யாரோ தீக்குச்சி உரசியது போல இருந்தது. அடுத்து உதடு. அடுத்து, நாக்கு என்னுடையது என்ற உணர்வே போய், வேறு யாரோ தன் நாக்கை என் வாயில் வைத்துவிட்டுப் போனது போல வாய் நிறைந்துவிட்டது. "தண்ணி" என்று கத்தினேன். வெளியே வந்தது "ங்ங்ணி". எச்சில் ஒழுகியது. கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டேன். மூலையில் படுத்திருந்த சின்னக்குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் முகத்தில் 'இப்போது புரிகிறதா?' என்று எழுதியிருந்ததாகச் சத்தியம் பண்ணுவேன், பேச முடிந்திருந்தால்.

கள்ளக்குறிச்சி டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். மூச்சுக்குழல் வீங்கவில்லை, தப்பித்தீர்கள், சிலருக்கு மூச்சே அடைத்துவிடும் என்றார். "இந்தக் கேஸெல்லாம் பொதுவா ரெண்டு வயசு, மூணு வயசுக் குழந்தைங்கதான் வரும்" என்றும் சொன்னார். வயது என்ற இடத்தில் அறுபத்தொன்று என்று எழுதியபோது அவர் பேனா ஒரு கணம் தயங்கியது.

அந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் டம்ப் கேன் என்று செல்லப் பேர் உண்டாம். ஊமைக் கரும்பு. தின்றவனை ஊமையாக்கும் கரும்பு. வெளிநாட்டுச் செடி என்றாலும் பேர் நம்ம ஊர்க்காரன் வைத்தது போலவே இருக்கிறது. இந்தப் பேருக்குப் பின்னால் சிரிக்க முடியாத கதையும் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளைத் தண்டிக்க இந்தத் தண்டை வாயில் திணித்தார்கள் என்று பழைய பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதனை வதைக்க உபயோகித்த செடி, இருநூறு சொச்ச வருஷத்தில் கூடத்து அழகுச் செடியாகி, தொட்டி ஒன்று முந்நூற்றைம்பது ரூபாய்க்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒன்றரை நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. மோரும் கஞ்சியும்தான் ஆகாரம். அந்த ஒன்றரை நாளும் வீட்டில் ஒரு தீபாவளி அமைதி, அதாவது தீபாவளிக்கு மறுநாள் அமைதி. என் மனைவி டிவியில் தொடரை முழுசாகப் பார்த்தாள். இரண்டாம் நாள் மாலையில் சாக்கைத் தூக்கிக் குப்பை வண்டிக்குப் போட நான் எழுந்தபோது, "அதுல ஒரே ஒரு தொட்டிய மட்டும் வச்சுக்கலாமாங்க?" என்றாள்.

ஊமையாக உட்கார்ந்திருந்தபோது ஒன்றை யோசித்தேன். விஷச்செடி எங்களுக்குப் புதிதா என்ன? வாசலில் அரளி நிற்கிறது, மாரியம்மனுக்கு மாலை கட்டுகிறோம். வேலியில் எருக்கு, பிள்ளையாருக்கு. குப்பைமேட்டில் ஊமத்தை. மலையேறும் வழியில் மழைக்குப் பிறகு பார்த்தால் புதருக்கு மேல் செங்காந்தள், நெருப்பைக் கவிழ்த்துப் பிடித்தது போல. தமிழ்நாட்டின் மாநில மலரே அதுதான். கிழங்கிலிருந்து விதைவரை கொல்லும் சரக்கு. மருந்துக்கும் அதைத்தான் பயிரிடுகிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூ அடுக்கிய கபிலர் முதல் பூவாக வைத்தது செங்காந்தளைத்தான். அந்தக் கபிலர் பேரில் திருக்கோவிலூரில் ஆற்றுக்குள் ஒரு குன்றே இருக்கிறது. 2019-இல் மாவட்டம் பிரித்தபோது திருக்கோவிலூர் எங்கள் பக்கம் வந்துவிட்டதால், கபிலரும் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்.

இத்தனை விஷத்துக்கு நடுவில் ஆடும் மாடும் பூனையும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துத்தான் வருகின்றன. வெளியே திரியும் பூனைக்கு மெல்ல அருகம்புல் இருக்கிறது, மோந்து பார்த்துவிட்டு விலக இடம் இருக்கிறது. கூடத்தில் நாலு சுவருக்குள் வைத்தால், எது கிடைக்கிறதோ அதைத்தான் மெல்லும். நமக்கும் வெளியே இருக்கிற செடியின் குணம் பேரிலேயே தெரியும். ஆடு தொடாத இலை, ஆடாதொடை. ஆடு தின்னாதது, ஆடுதின்னாப்பாளை. தாவரவியலில் ஆட்டின் கருத்தைக் கேட்டு எழுதிய மொழி நம்முடையது. பூனையையும் விடவில்லை: மேலே பட்டால் சொறிந்து மாளாத பூனைக்காலி, பூ மீசை வைத்த பூனைமீசை. நான் கொண்டுவந்த ஏழில் ஆறுக்கு அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கற்றாழை ஒன்றுக்குத்தான் தமிழில் பேர் தெரிந்திருந்தது, அதையும் பீங்கான் தொட்டியில் வைத்ததும் மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பேச்சு வந்ததும் கொல்லைப்பக்கம் போனேன். தொட்டிகள் வைக்க இடம் பண்ணுவதற்காக, போன வாரம்தான் அங்கே களை பிடுங்கிக் குவித்திருந்தேன். குவியல் முழுக்கக் குப்பைமேனி. சொறி சிரங்குக்கு மஞ்சளோடு அரைத்துப் பூசுவோமே, அது. எங்கு பார்த்தாலும் முளைக்கும் என்பதால் மதிப்பே கிடையாது. அந்தக் குவியலின் மேல் சின்னக்குட்டி.

மல்லாந்து கிடந்தது. வாடிய ஒரு வேரை இரண்டு முன்னங்காலாலும் பிடித்து மார்போடு அணைத்து, கன்னத்தைத் தேய்த்தது. கடித்தது. விட்டது. மறுபடி முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல். வேர் நுனியில் ஒட்டிய செம்மண் அதன் மீசையெல்லாம். மூன்று நாள் முன்னால் கட்டைப்பையில் கிடந்த பூனையா இது என்று நின்றேன். எழுந்து, குவியலுக்கு முன்னால் முன்னங்காலை நீட்டி, தலையைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கியது. அச்சாக நமஸ்காரம்.

"பின்ன என்னாத்துக்குடா அதுக்குப் பூனைவணங்கின்னு பேரு வச்சாங்க?" என்றார் அம்மா, திண்ணையிலிருந்தே.

குப்பைமேனிக்கு அப்படி ஒரு பேர் சித்த மருத்துவ ஏடுகளிலேயே உண்டு. அதன் வேர் வாசனைக்குப் பூனை கிறங்கும் என்று மலேசியாவிலும் தெரியும். அங்கேயும் பேரில் பூனையை வைத்திருக்கிறார்கள். பூனை கும்பிடுகிற செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, பூனைக்கு ஆகாத ஐந்து செடியை ஆட்டோ வாடகை கொடுத்தும் ஒன்றைத் திருடியும் கூட்டிவந்தவன் நான். வேரைக் கொஞ்சமாக முகரவும் மெல்லவும் விட்டால் போதும், தழையைக் கட்டுக்கட்டாகத் தின்ன விட வேண்டாம் என்று மருத்துவர் போனில் சொன்னார். அதற்குள்ளும் சயனைடு சேர்ந்த பொருள் கொஞ்சம் இருக்கிறதாம். மரவள்ளி ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போதைய நிலவரம்: சேகோ பாமும் டீஃபன்பேக்கியாவும் வீட்டில் இல்லை. பீஸ் லில்லியையும் ஸ்நேக் பிளான்டையும் நர்சரிக்காரத் தம்பி பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டான். நாசாவிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். கற்றாழையை நம் வழக்கப்படி தலைகீழாக வாசலுக்கு மேல் கட்டியாகிவிட்டது. அங்கே திருஷ்டிக்கும் ஆகும், பூனைக்கும் எட்டாது. மணி பிளான்டை மச்சான் வீட்டிலேயே, யாரும் பார்க்காதபோது, பழைய இடத்தில் நட்டுவிட்டு வந்தேன். திருப்பிக் கொடுக்கப் போனபோதும் மச்சான் மனைவி பார்த்துவிட்டார். வரும்போது பஸ்ஸில் நூறு ரூபாய் கீழே கிடந்து எடுத்தேன். இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லவும்.

வீட்டில் பூனை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செடி வாங்கும்போது விலை கேட்பதற்கு முன்னால் பேரைக் கேளுங்கள். பேர் தெரிந்தால்தான் அது யாருடைய பங்காளி என்று விசாரிக்க முடியும். பூனை எதையாவது மென்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், மாத்திரை வேண்டவே வேண்டாம். மென்ற இலையைக் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். லில்லி என்றால் இன்னும் வேகமாக ஓடுங்கள். பக்கத்தில் வயதான ஆயா யாராவது இருந்தால், நர்சரிக்குப் போகும்போது கூட்டிப்போங்கள். ஆட்டைக் கூட்டிப்போனாலும் பரவாயில்லை.

காலியான பீங்கான் தொட்டியில் இப்போது குப்பைமேனியும் ஒரு கொத்து அருகம்புல்லும் இருக்கின்றன. தொட்டி முந்நூற்றைம்பது ரூபாய். செடி இலவசம்.